அரூருக்கும் பாப்பிரெட்டிப்பட்டிக்கும் உறுப்பினர் இல்லாத 20 மாதங்கள்: பேரவைத் தலைவருக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு சட்டமன்றப் பேரவைத் தலைவர் அவர்களுக்கும், எந்தக் கட்சியானாலும் அந்த அவையில் உட்காரும் உறுப்பினர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

நான் அரூரில் மனு எழுதிக் கொடுப்பவன். ஒரு மேசை, ஒரு நாற்காலி, வருகிறவர்கள் உட்கார ஒரு பெஞ்சு, ஒரு கட்டு வெள்ளைத் தாள். இருபது வருடங்களுக்கு மேலாக இதுதான் பிழைப்பு. பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, சாதிச் சான்று, வாரிசுச் சான்று, குடிநீர், சுடுகாட்டுப் பாதை என்று எழுதாத விஷயம் இல்லை. எழுதும் ஒவ்வொரு மனுவையும் ஒரு நோட்டில் பதிந்து வைப்பேன். தேதி, ஊர், விஷயம், யாருக்கு அனுப்பியது, யாருக்கெல்லாம் நகல்.

அந்த நோட்டை எடுத்து வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். நகல் என்ற கட்டத்தில் சட்டமன்ற உறுப்பினர் என்பதை 'ச.ம.உ.' என்று சுருக்கி எழுதுவது என் பழக்கம். 2017 செப்டம்பர் மூன்றாவது வாரத்தில் அந்த எழுத்துகள் நின்றுபோகின்றன. பக்கம் பக்கமாகப் புரட்டினாலும் இல்லை. மறுபடி அவை வருவது 2019 ஜூன் மாதத்தில்.

நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். 2017 ஆகஸ்ட் 22-ஆம் தேதி அ.தி.மு.க. உறுப்பினர்கள் 19 பேர் ஆளுநரைப் பார்த்து, முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமிக்குத் தாங்கள் தந்த ஆதரவைத் திரும்பப் பெறுவதாகக் கடிதம் கொடுத்தார்கள். ஒருவர் திரும்பிவிட்டார். மற்ற 18 பேரையும் செப்டம்பர் 18-ஆம் தேதி அன்றைய பேரவைத் தலைவர் தகுதிநீக்கம் செய்தார். அந்த 18-இல் இரண்டு எங்கள் தர்மபுரி மாவட்டத்துத் தொகுதிகள். அரூரில் ஆர். முருகன், பாப்பிரெட்டிப்பட்டியில் பி. பழனியப்பன். வழக்கு உயர்நீதிமன்றத்துக்குப் போனது. இடைத்தேர்தல் அறிவிக்கக் கூடாது என்று இரண்டே நாளில் இடைக்காலத் தடை வந்தது. 2018 ஜூன் 14-ஆம் தேதி தீர்ப்பு வந்தபோது, இரண்டு நீதிபதிகளும் இரண்டு விதமாகச் சொன்னார்கள். மூன்றாவது நீதிபதியிடம் போய், அக்டோபர் 25-ஆம் தேதி தகுதிநீக்கம் செல்லும் என்று முடிந்தது. அதற்குப் பிறகும் ஆறு மாதம் ஓடியது. வாக்குப்பதிவு 2019 ஏப்ரல் 18. எண்ணிக்கை மே 23.

விரல்விட்டு எண்ணிப் பாருங்கள், 20 மாதம். அந்தச் சட்டமன்றத்தின் ஆயுள் ஐந்து வருடம், அதாவது 60 மாதம். நாங்கள் 2016-இல் போட்ட ஓட்டில் மூன்றில் ஒரு பங்குக் காலத்துக்கு எங்களுக்கு ஆள் இல்லை.

வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்கு, எம்.எல்.ஏ. இல்லாவிட்டால் என்ன, கலெக்டர் இருக்கிறார், எம்.பி. இருக்கிறார், அதிகாரிகள் இருக்கிறார்கள் என்று தோன்றலாம். இருந்தார்கள், அது உண்மைதான். ஆனாலும் என் பெஞ்சில் ஒரு வாரம் உட்கார்ந்து பார்த்தால் வித்தியாசம் தெரியும். ஆபீசுக்குப் போகும் மனு ஒரு காகிதம். அதே மனுவின் மேல் எம்.எல்.ஏ. ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால், அதை வாங்குகிறவர் ஒரு தடவை நிமிர்ந்து பார்ப்பார். இது சரியா தப்பா என்று நான் வாதாட வரவில்லை. இல்லாதவர்களுக்கு இந்த ஊரில் கிடைக்கிற பலம் இவ்வளவுதான் என்பதைச் சொல்கிறேன்.

2018 பொங்கல் கழிந்து ஒரு அம்மா வந்தார். எந்த ஊர் என்று எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன், மலையடிவாரத்தில் ஒரு சின்னக் குக்கிராமம். மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் புகைந்துபோய் மாதக்கணக்கில் ஆகிறது என்றார். இடுப்புப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தார். நான்காக மடித்த காகிதம், மடிப்பில் கிழிந்து, உள்பக்கம் செல்லோடேப் ஒட்டியிருந்தது. எம்.எல்.ஏ. லெட்டர்பேடில் பரிந்துரைக் கடிதம். புதிய மோட்டார் அமைத்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன் என்று இரண்டு வரி, கீழே கையெழுத்து, முத்திரை. தேதி 2017 ஜூலை.

"இதக் கொண்டுட்டுப் போனேங்ணா. இது செல்லாதும்மா, இவரு இப்ப எம்.எல்.ஏ. இல்ல, புது எம்.எல்.ஏ. வந்தப்பறம் அவருகிட்ட வாங்கிட்டு வாங்கனு சொல்லிட்டாங்க. புது எம்.எல்.ஏ. எப்பங்ணா வருவாரு?"

எனக்கும் தெரியவில்லை. அப்போது அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தவர்கள் தமிழ்நாட்டிலேயே யாரும் இல்லை. தொகுதி மேம்பாட்டு நிதியில் கேட்கலாமா, இப்போது யார் பரிந்துரை செய்ய வேண்டும் என்று நானும் நாலு இடத்தில் விசாரித்தேன். ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். கடைசியில் கலெக்டருக்கு ஒரு மனு எழுதிக் கொடுத்து, திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்குப் போகச் சொன்னேன். அரூரிலிருந்து தர்மபுரி 40 கிலோமீட்டர். அவர் ஊரிலிருந்து அரூருக்கு வரவே இரண்டு பஸ். ஒரு நாள் கூலியும் போகும். அவர் மூன்று திங்கட்கிழமை போய் வந்தார். அதற்குள் அந்தத் தெருக்காரர்கள் வீட்டுக்கு இவ்வளவு என்று காசு போட்டு மோட்டாரை ரிப்பேர் பண்ணிக்கொண்டார்கள். பழைய கடிதத்தை என்ன செய்வது என்று அவர் கேட்டபோது, வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. கிழித்துப் போடுங்கள் என்று சொல்ல மனம் வரவில்லை.

மோட்டார் சின்ன விஷயம், ஊர் கூடிச் சமாளித்துவிட்டது. சமாளிக்க முடியாதது அந்த வருடம் ஜூன் மாதத்தில் வந்தது.

சேலம்–சென்னை எட்டு வழிச்சாலை. 277 கிலோமீட்டர், 10,000 கோடி ரூபாய் என்று அறிவித்திருந்தார்கள். சேலத்தில் தொடங்கி தர்மபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை, காஞ்சிபுரம் மாவட்டங்கள் வழியாகப் போகிற பாதை. எங்கள் மாவட்டத்தில் அது எங்கே நுழைந்தது? பாப்பிரெட்டிப்பட்டியிலும் அரூரிலும்தான். வரைபடத்தை விரித்துத் தேடினாற்போல, உறுப்பினர் இல்லாத இரண்டு தொகுதிகளிலும் அளவுக்கல் நட்டார்கள். யாரோ திட்டமிட்டுச் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. காலம் அப்படி வந்து வாய்த்தது. எங்களுக்கு அது எப்படி இருந்தது என்பதை மட்டும் நினைத்துப் பாருங்கள்.

தேசிய நெடுஞ்சாலைச் சட்டப்படி நிலம் எடுக்க அறிவிக்கை வந்தால், ஆட்சேபணை கொடுக்க 21 நாள். என் பெஞ்சில் இடம் இல்லாமல் நின்றுகொண்டு எழுதி வாங்கினார்கள். தென்னந்தோப்பு, பாக்கு, மரவள்ளி, கரும்பு, கிணறு, ஓட்டு வீடு. புல எண், உட்பிரிவு, பரப்பு என்று எழுதி எழுதி என் விரல் காய்த்துப்போனது. ஒரு பெரியவர், எழுபது வயது இருக்கும், தன் கிணற்றைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தார். அவர் அப்பா காலத்தில் வெட்டிய கிணறு, எத்தனை கஜத்தில் பாறை வந்தது, எத்தனை வெடி வைத்தார்கள், 2016-இல் மழை பொய்த்த வருடத்தில்கூட அடியில் ஒரு குடம் மொள்ளத் தண்ணீர் நின்றது. மனுவில் இதெல்லாம் தேவையில்லை ஐயா என்று சொல்லியிருக்கலாம். எல்லாவற்றையும் எழுதினேன். முடித்ததும் அவர் கேட்டார், "சட்டசபையில நம்ம ஊருக்காரு எந்திரிச்சுக் கேப்பாருல்லப்பா?"

அவர் கேட்ட அதே வாரத்தில்தான் 14-ஆம் தேதி தீர்ப்பு இரண்டாகப் பிரிந்து வந்தது. அந்த நாட்களில் பேரவை நடந்துகொண்டிருந்தது. எட்டு வழிச்சாலை பற்றி அங்கே பேச்சும் நடந்தது, முதலமைச்சர் பதில் சொன்னார். மற்ற மாவட்டத்து உறுப்பினர்கள் கேட்டார்கள், அவர்களுக்கு எங்கள் நன்றி. ஆனால் கல் நட்ட அரூரிலிருந்தும் பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்தும் எழுந்து நின்று, இந்தத் திட்டம் வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ, என் தொகுதியில் இந்தக் கிணறு போகிறது என்றோ சொல்ல ஓர் ஆள் இல்லை. 2018 மார்ச்சில் ஒரு பட்ஜெட், 2019 பிப்ரவரியில் இன்னொரு பட்ஜெட், இரண்டும் எங்கள் குரல் இல்லாமலே நிறைவேறின. நிலம் எடுக்கும் அறிவிக்கையை உயர்நீதிமன்றம் ரத்து செய்தது 2019 ஏப்ரல் 8. எங்களுக்கு ஓட்டுப்போடும் நாள் வந்தது அதற்குப் பத்து நாள் கழித்து.

இடைத்தேர்தல் என்றால் ஆறு மாதத்துக்குள் நடத்த வேண்டும் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 151-ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. அது நடக்கிற விதத்தையும் எங்கள் பக்கத்திலேயே பார்த்திருக்கிறோம். பென்னாகரம் உறுப்பினர் பெரியண்ணன் காலமான பிறகு, 2010 மார்ச் 27-இல் இடைத்தேர்தல் நடந்து அவர் மகன் இன்பசேகரன் வந்துவிட்டார். ஓசூர் தொகுதி 2019 ஜனவரியில் காலியானது, ஏப்ரலில் ஓட்டுப் போட்டார்கள். இடம் காலிதான் என்பதில் வழக்கு இல்லாவிட்டால் தொகுதிக்குச் சில மாதத்தில் வழி பிறக்கிறது. உறுப்பினர் உயிரோடு இருந்து, அவருடைய பதவி வழக்கில் இருந்தால் வழியே இல்லை. காலி இடம் காலியா இல்லையா என்பதே வழக்கு ஆகிவிடுவதால், ஆறு மாதக் கணக்கு அங்கே நின்றுபோகிறது.

பழனியப்பன், முருகன் இருவர் மேலும் எனக்குத் தனிப்பட்ட வருத்தம் எதுவும் கிடையாது. பழனியப்பன் 2011-இலும் 2016-இலும் பாப்பிரெட்டிப்பட்டியில் வென்றவர், உயர்கல்வித் துறை அமைச்சராக இருந்தவர். அவருக்குப் பிறகு அந்தத் துறைக்கு வந்த கே.பி. அன்பழகனும் எங்கள் மாவட்டத்துப் பாலக்கோடு உறுப்பினர். வறண்ட மாவட்டம், படிப்பறிவில் பின்தங்கிய மாவட்டம் என்று பேர் எடுத்த தர்மபுரியிலிருந்து அடுத்தடுத்து இரண்டு உயர்கல்வி அமைச்சர்கள் என்பதில் எங்களுக்குப் பெருமை உண்டு. தகுதிநீக்கத்துக்குப் பிறகு பழனியப்பன் டி.டி.வி. தினகரனின் அ.ம.மு.க.வில் இருந்தார், 2019-இல் தர்மபுரி மக்களவைத் தொகுதியில் நின்றார், 2021-இல் மறுபடி பாப்பிரெட்டிப்பட்டியில் நின்று தோற்றார், அதே வருடம் தி.மு.க.வில் சேர்ந்தார். அரசியலில் இருப்பவருக்குத் தோல்வியும் கட்சி மாற்றமும் ஒரு முடிவு அல்ல, அடுத்த தேர்தல் வரும். ஒரு உறுப்பினரின் அரசியல் வாழ்க்கையை எழுதுகிறவர்கள் அந்த 20 மாதத்தை ஒரு வரியில் எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள். கிணற்றுக்காரப் பெரியவருக்கு அந்த 20 மாதம் ஒரு வரி இல்லை.

இதில் எங்களை இன்னும் உறுத்துவது ஊத்தங்கரை. அரூரிலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் ஊத்தங்கரை. கிருஷ்ணகிரி மாவட்டத்துத் தொகுதி, எங்களுக்குப் பக்கத்துத் தொகுதி. அரூர் போலவே தனித் தொகுதி. அங்கேயும் 2016-இல் அதே கட்சி, அதே சின்னம். 2017 பிப்ரவரி 18-ஆம் தேதி நம்பிக்கைத் தீர்மானத்தில் 122 பேர் ஆதரவாக, 11 பேர் எதிராக ஓட்டுப் போட்டார்களே, அந்தப் 11 பேரில் ஊத்தங்கரை உறுப்பினர் மனோரஞ்சிதமும் ஒருவர். பிறகு அ.தி.மு.க.வில் பிரிந்திருந்த அணிகள் இணைந்தன. அந்தப் 11 பேரையும் தகுதிநீக்கம் செய்யச் சொல்லிக் கொடுத்த மனு வருடக்கணக்கில் முடிவு ஆகாமலே கிடந்து, உச்சநீதிமன்றம் வரை போய், கடைசியில் எல்லோரும் பதவிக்காலத்தை முடித்தார்கள். ஊத்தங்கரைக்கு ஐந்து வருடமும் உறுப்பினர் இருந்தார். அது நல்லதுதான், அந்த ஊர் மக்களுக்குக் கிடைத்தது எங்களுக்கும் கிடைத்திருக்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன். அவையில் எதிர்த்து ஓட்டுப் போட்டவர்கள் விஷயம் மூன்று வருடமாகியும் முடியவில்லை. ஆளுநரிடம் கடிதம் கொடுத்தவர்கள் விஷயம் ஒரு மாதத்துக்குள் முடிந்தது. ரோட்டின் இந்தப் பக்கம் ஒரு கணக்கு, அந்தப் பக்கம் ஒரு கணக்கு என்றால், டீக்கடையில் என்னிடம் காரணம் கேட்கிறவர்களுக்கு நான் என்ன சொல்ல?

தீர்ப்புச் சொல்ல இந்தப் பக்கத்து வாக்காளருக்குத் தெரியாது என்று யாராவது நினைத்தால், பர்கூரை நினைத்துக்கொள்ளட்டும். 1991-இல் ஜெயலலிதா பர்கூரிலும் காங்கேயத்திலும் ஜெயித்து, பர்கூரை வைத்துக்கொண்டு முதலமைச்சர் ஆனார். 1996-இல் அதே பர்கூர்க்காரர்கள், முதலமைச்சராக இருந்தவரை சுகவனத்திடம் தோற்க வைத்தார்கள். பாலக்கோட்டில் 2001 முதல் 2021 வரை ஐந்து தேர்தலிலும் அன்பழகனையே அனுப்பினார்கள். விலக்குவதும் வைத்துக்கொள்வதும் மக்களுக்குத் தெரியும். 2019-இல் எங்களிடம் கேட்டபோதும் சொன்னோம். ஆளை மாற்றி, கட்சியை மாற்றாமல், அரூருக்கு சம்பத்குமாரையும் பாப்பிரெட்டிப்பட்டிக்கு கோவிந்தசாமியையும் அனுப்பினோம். இதை 2017 கடைசியிலேயே கேட்டிருந்தால் அப்போதே சொல்லியிருப்போம்.

பேரவைத் தலைவர் அவர்களே, உங்களிடம் கேட்பவை பெரிய விஷயங்கள் இல்லை, உங்கள் கைக்கு எட்டுகிறவைதான்.

கட்சித் தாவல் சட்டமான, அரசியலமைப்பின் பத்தாவது அட்டவணையின் 8-ஆம் பத்தி, விதிகள் செய்யும் அதிகாரத்தைப் பேரவைத் தலைவருக்கே கொடுத்திருக்கிறது. நம் பேரவைக்கு 1986-இலேயே விதிகள் செய்யப்பட்டன. மனு வந்தால் இத்தனை நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்ற கெடுவை அந்த விதிகளில் சேருங்கள். மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்வதுதான் முறை என்று 2020 ஜனவரி 21-ஆம் தேதி மணிப்பூர் வழக்கில் உச்சநீதிமன்றமே சொல்லியிருக்கிறது. ஆளுங்கட்சிக்காரர் மேல் வந்த மனுவுக்கும், பிரிந்துபோனவர் மேல் வந்த மனுவுக்கும் ஒரே கெடு. நீதிமன்றத்துக்கு நீங்கள் கெடு வைக்க முடியாது, தெரியும். ஆனால் தகுதிநீக்க வழக்கில் தொகுதி மக்களின் நிலைமையைச் சொல்லி, விரைந்து முடிக்கும்படி பேரவை சார்பில் கேட்கலாம். சட்டத்திலேயே அதற்கு ஒரு வழி செய்யச் சொல்லி நாடாளுமன்றத்துக்குப் பேரவை ஒரு தீர்மானம் அனுப்பலாம்.

அதோடு இன்னொன்று. எந்தக் காரணத்தாலானாலும் ஒரு தொகுதி காலியாகி மூன்று மாதம் ஆகிவிட்டால், பேரவையின் மனுக்கள் குழு அந்தத் தொகுதிக்கு வந்து உட்கார வேண்டும். அந்தக் குழு மாவட்டங்களுக்குப் போய் மனு வாங்குகிறது, ஆய்வு செய்கிறது. காலியான தொகுதிக்கு முதலில் வரட்டும் என்பதுதான் வேண்டுகோள். பெரிய திட்டம் ஏதாவது அந்தத் தொகுதி வழியாகப் போனால், அங்கேயிருந்து வந்த மனுக்களை அவையில் வைத்துப் பேச ஒரு நேரம் ஒதுக்கட்டும். பக்கத்துத் தொகுதி உறுப்பினர் யாரிடம் மக்கள் கடிதம் வாங்கலாம் என்பதை எழுத்தில் அறிவித்துவிடட்டும். செல்லோடேப் ஒட்டிய கடிதத்தை வைத்துக்கொண்டு ஒரு அம்மா அலைய வேண்டியிருக்காது.

உறுப்பினர்களே, உங்களுக்குச் சொல்ல ஒன்று உண்டு. தலைமையோடு கருத்து வேறுபடுவது உங்கள் உரிமை. அதை நான் குறையாகச் சொல்லவில்லை, கட்சி சொன்னதற்கெல்லாம் கைதூக்க வேண்டும் என்று ஓட்டுப் போட்டவர்கள் யாரும் கேட்கவில்லை. ஆனால் ஆளுநர் மாளிகைக்குக் கார் ஏறும் முன்பு, வேறு மாநிலத்தில் போய்த் தங்கும் முன்பு, ஒரு நாள் தொகுதிக்கு வாருங்கள். அரூர் கச்சேரிமேட்டில் ஒரு மைக் போதும். இந்தக் காரணத்துக்காக இந்த முடிவு எடுக்கப்போகிறேன், இதனால் பதவி போகலாம், போனால் உங்களுக்கு இவ்வளவு காலம் ஆள் இருக்க மாட்டார்கள் என்று சொல்லுங்கள். நாங்கள் கேட்டுக்கொள்வோம். திட்டுகிறவர்கள் திட்டுவார்கள், அதுவும் உங்களுக்குப் பழக்கம்தான். சொல்லாமல் போனதுதான் எங்களைச் சுட்டது. டி.வி.யில் பார்த்துத்தான் எங்கள் எம்.எல்.ஏ. எங்கே இருக்கிறார் என்று தெரிந்துகொண்டோம்.

கிணற்றுக்காரப் பெரியவர் இப்போது இல்லை. கிணறு இருக்கிறது. அவர் மனுவின் கார்பன் நகல் என் நோட்டுக்குள் செருகி வைத்திருக்கிறேன், நகல் என்ற இடத்தில் கலெக்டர், எம்.பி. என்று இரண்டு வரி இருக்கும், மூன்றாவது வரிக்கு விட்ட இடம் வெள்ளையாகவே இருக்கும். மனுக்கள் குழு அரூருக்கு வரும் நாளில் அந்த நோட்டைக் கொண்டுவந்து உங்கள் முன்னால் வைக்கிறேன். அன்றைக்கு மனு எழுத வருகிறவர்களிடம் காசு வாங்க மாட்டேன்.

இப்படிக்கு,
அரூர் மனு எழுத்தர் ஒருவர்

நகல்:
1. பேரவை மனுக்கள் குழுத் தலைவர் அவர்கள்
2. ஊத்தங்கரை சட்டமன்ற உறுப்பினர் அவர்கள்
3. பாப்பிரெட்டிப்பட்டி சட்டமன்ற உறுப்பினர் அவர்கள்
4. அரூர் சட்டமன்ற உறுப்பினர் அவர்கள்